உள்ளங்கையில் ஓர் எஞ்சின்

அமெரிக்கா போய் வந்தவர்கள் நயாகராவைப் பற்றிச் சொல்வார்கள். நியூயார்க் மாடிகளை அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டதைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கோ, அந்தத் தேசத்தை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது நான்கு சிலிண்டர்கள்தாம். ஒவ்வொன்றும் நம் கட்டைவிரல் பருமன்கூடத் தேறாது. ஆனால் அவை குடிப்பது அசல் பெட்ரோல். போடுவது அசல் சத்தம்!

இந்த அதிசயத்தைக் கண்ட இடம் கார்ல்ஸ்பாட். கலிபோர்னியாவில், ஸான் டியாகோவிலிருந்து வடக்கே கடற்கரையை ஒட்டி ரயிலில் சுமார் ஒரு மணி நேரப் பிரயாணம். வழியில் பல இடங்களில் இடது கைப்பக்கம் பசிபிக் சமுத்திரம் கூடவே வரும். 1880-களில் இந்த ஊரில் தோண்டிய கிணற்று நீர், ஐரோப்பாவில் பொஹீமியாவிலுள்ள கார்ல்ஸ்பாட் என்ற ஊரின் ஊற்று நீரைப் போலவே இருந்ததாம். ஊருக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இப்போது அங்கே வருகிற குழந்தைகள் எல்லாம் 'லெகோலாண்ட்' பொம்மைப் பூங்காவுக்கு ஓடுகிறார்கள். பெரியவர்களுக்கான பொம்மைக் கூடமும் ஒன்று அங்கே இருப்பது பலருக்குத் தெரியாது. கடற்கரையைவிட்டு உள்ளே தள்ளி, கம்பெனிக் கட்டடங்களுக்கு நடுவே, லயன்ஸ்ஹெட் அவென்யூ என்ற தெருவில் அதைப் பார்த்தேன். நான் போன அன்று நுழைவுக் கட்டணமும் கேட்கவில்லை.

அதன் பெயர் சிறுவடிவ எஞ்சினியரிங் கைத்திறன் மியூசியம். ஏற்படுத்தியவர் ஜோ மார்ட்டின் என்பவர். மேஜைமேல் வைத்து ஓட்டக்கூடிய 'ஷெர்லைன்' என்ற சின்ன லேத்துகளைச் செய்து விற்றவர். சித்திரக்காரரையும் சிற்பியையும் கொண்டாடுகிற உலகம், உலோகத்தில் அற்புதம் செய்கிறவனை மட்டும் 'மெக்கானிக்' என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறதே என்பது அவருடைய ஆதங்கம். 1990-களின் பிற்பகுதியில் இதற்காகவே ஓர் அறக்கட்டளை தொடங்கி, ஆண்டுதோறும் சிறந்த கைவினைஞர் ஒருவருக்குப் பரிசளிக்கவும் ஏற்பாடு செய்தார். 2014-ல் அவர் காலமாகிவிட்டார்.

உள்ளே நுழைந்தவுடன் கண்ணைப் பறிப்பது ஒரு கார். 1932-ஆம் வருஷத்து 'டூஸன்பெர்க் எஸ்.ஜே.' காரின் ஆறில் ஒரு பங்கு அளவு. ஒரு கஜத்துக்குச் சற்று அதிக நீளம். மிஸௌரி மாகாணத்தைச் சேர்ந்த லூயி செனோ என்ற எஞ்சினியர் செய்தது. வெறும் காட்சிப் பொருள் அல்ல. மூடியைத் திறந்தால் வரிசையாக எட்டு சிலிண்டர்கள், முப்பத்திரண்டு வால்வுகள். எஞ்சின் உண்மையிலேயே ஓடக்கூடியது! பத்து வருஷ காலத்தில் சுமார் 20,000 மணி நேரம் இதற்குச் செலவாயிற்றாம். பொங்கல், தீபாவளி என்று ஒரு நாள்கூட விடாமல் உட்கார்ந்தால், தினம் ஐந்தரை மணி நேரம் என்று கணக்கு வருகிறது. ஆபீஸில் இவ்வளவு சிரத்தையாக வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை.

'பெரிய எஞ்சினின் படத்தை எடுத்துக்கொண்டு, எல்லா அளவையும் ஆறால் வகுத்தால் தீர்ந்தது. இதில் என்ன பிரமாதம்?' என்று நீங்கள் நினைக்கலாம். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

நீளத்தை ஆறில் ஒன்றாக்கினால், பரப்பு முப்பத்தாறில் ஒன்றாகிறது. கொள்ளளவோ இருநூற்றுப் பதினாறில் ஒன்றாகிவிடுகிறது. அசல் டூஸன்பெர்க் எஞ்சின் ஏறக்குறைய 6.9 லிட்டர். இந்தக் கணக்குப்படி அது 32 சி.சி.யாகச் சுருங்குகிறது. எட்டு சிலிண்டர்களுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 4 சி.சி.; ஒரு சின்னத் தேக்கரண்டி அளவுகூட இல்லை! அந்தத் துளி இடத்தில் உண்டாகும் உஷ்ணத்தை, அதன் அளவுக்கு ஆறு மடங்கு அதிகமான சுவர்ப் பரப்பு உறிஞ்சிக்கொள்கிறது. பெரிய பானைச் சோறு நெடுநேரம் சூடாக இருக்கும். கிண்ணத்தில் எடுத்து வைத்த சோறு உடனே ஆறிவிடும் அல்லவா? அதே கதைதான்.

இன்னொரு சங்கடம். மனிதன் எஞ்சினைச் சின்னதாக்கலாம். பெட்ரோல் துளியைச் சின்னதாக்க முடியாது. எண்ணெய்ப் படலமும் நமக்காக மெலிந்துகொடுக்காது. மின்சாரப் பொறி இருக்கிறதே, அது அதைவிடப் பொல்லாதது. கம்பிகளை நெருக்கமாக வைத்தால், போகவேண்டிய சிலிண்டருக்குப் போகாமல் பக்கத்து வீட்டுக்குத் தாவிவிடும்! ஆகவே வெளித்தோற்றம் அசலைப் போல இருக்கலாமே தவிர, உள்ளே ஒவ்வொரு பாகத்தையும் புதிதாக யோசித்தே அமைத்தாகவேண்டும். காற்றை அழுத்தி உள்ளே செலுத்தி ஓடவிடும் குட்டி யந்திரங்களும் உண்டு. அவை அழகானவைதாம். ஆனால் தன் வயிற்றிலேயே நெருப்பை மூட்டிக்கொண்டு ஓடுவதுதான் இந்தக் கலையில் பெரிய பரீட்சை.

இந்தப் பைத்தியம் (அவர்களே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்) புதிதல்ல. இங்கிலாந்தில் பெர்ஸிவல் மார்ஷல் என்பவர் 1898-லேயே 'மாடல் எஞ்சினியர்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். பின்னாளில் அதில் எட்கர் வெஸ்ட்பரி என்பவர் சின்னஞ்சிறு பெட்ரோல் எஞ்சின்களை வடிவமைத்து, படங்களுடன் தொடர்ந்து எழுதினார். நாம் தொடர்கதைக்குக் காத்திருப்பதைப் போல, அங்கே பலர் அடுத்த இதழில் கிராங்க் ஷாஃப்ட் வருமா, கார்புரேட்டர் வருமா என்று காத்திருந்தார்கள். வீட்டுக் கொட்டகையில் ஒரு சின்ன லேத்தும், கையில் அரமும், மனத்தில் பொறுமையும் உள்ளவன் செய்து முடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது அவருடைய நோக்கம். 1940-களில் அவர் வெளியிட்ட 'ஸீல்' என்ற 15 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சினை இன்றைக்கும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்த மோகத்தைப் பரப்பியது ஆகாய விமானம். 1930-களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவில் பில் பிரவுன் என்ற இளைஞர் சுமார் 10 சி.சி. எஞ்சின் ஒன்றைச் செய்தார். அதைப் பொருத்திய பொம்மை விமானங்கள், ரப்பர் முறுக்கில் பறந்தவற்றையெல்லாம் போட்டிகளில் தோற்கடித்துவிட்டன. 1947-ல் ரே ஆர்டன் என்பவர் 'க்ளோ பிளக்'கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிளாட்டினக் கம்பிச் சுருள் ஒன்று. முதலில் பாட்டரியால் சூடாக்கினால் போதும். பிறகு மெதனால் ஆவி பட்டுப் பட்டுத் தானே கனன்றுகொண்டிருக்கும். காயில், கண்டென்ஸர் ஒன்றும் வேண்டாம்.

இந்த மெதனாலோடு வழுவழுப்புக்காக என்ன சேர்க்கிறார்கள் தெரியுமா? சாட்சாத் விளக்கெண்ணெய்! சிறு வயதில் பாட்டி மூக்கைப் பிடித்து நமக்குப் புகட்டிய அதே திரவம். கடும் உஷ்ணத்திலும் உலோகத்தைவிட்டு லேசில் விலகாத குணம் அதற்கு உண்டாம். உலகத்து ஆமணக்கில் பெரும் பங்கு நம் இந்தியாவில்தான், அதிலும் முக்கியமாகக் குஜராத்தில், விளைகிறது. கார்ல்ஸ்பாட்டில் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் வயிறு ஒரு கணம் கலங்கியது வாஸ்தவம்.

மியூசியத்தை ஒட்டியே ஒரு பட்டறை. லேத்தின் அடியில் பித்தளைச் சீவல்கள் சுருள் சுருளாகக் கிடந்தன. அங்கிருந்த பெரியவர் ஒருவர் ஒரு 'ஸீல்' எஞ்சினை ஓட்டிக் காட்டினார். முதல் சுழற்சியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு தும்மல். அவர் ஊசி போன்ற திருகை ஒரு மயிரிழை திருப்பினார். அவ்வளவுதான், குட்டி மோட்டார் சைக்கிள் ஒன்று சந்தோஷமாகக் கிளம்பியதுபோல் அது பாட ஆரம்பித்துவிட்டது. சுற்றி நின்ற எங்கள் எல்லோருக்கும் பத்து வயது ஆகிவிட்டது.

அப்போதுதான் செருப்புப் பெட்டி ஒன்றை மார்போடு அணைத்தபடி ஒரு மூதாட்டி உள்ளே வந்தாள். பெட்டிக்குள் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய உலோகத் துண்டுகள். "என் கணவருடையது. ஒன்பது வருஷம் மாலை வேளையெல்லாம் இதோடுதான் இருந்தார். முடிப்பதற்குள் போய்விட்டார். என் பிள்ளை இதைப் பழைய இரும்போடு போட்டுவிடலாம் என்கிறான். இது ஏதாவது தேறுமா என்று தெரிந்தால் போதும்" என்றாள்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. சிலிண்டரைப் பொறுக்கி எடுத்துத் துடைத்தார். பிஸ்டனில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு உள்ளே நுழைத்தார். வளையமே இல்லாத பிஸ்டன். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் காற்று ஒழுகிவிடும். மறுமுனையை விரலால் அடைத்துக்கொண்டு, பிஸ்டனை வெடுக்கென்று இழுத்தார்.

'பட்!'

புட்டியின் தக்கை கழன்றது போன்ற சத்தம்.

"கேட்டீர்களா, அம்மா? இந்தச் சத்தம் விலைக்குக் கிடைக்காது. உங்கள் கணவர் வேலை தெரிந்தவர்" என்றார் பெரியவர்.

அந்த அம்மாள் வாய் திறக்கவில்லை. சிலிண்டரைத் தானே வாங்கி, அவர் செய்தபடியே ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் 'பட்!' முகம் மலர்ந்துவிட்டது.

இந்த எஞ்சின்களால் என்ன உபயோகம் என்று கேட்டால், ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். இன்று பொம்மை விமானம் பறக்கவிடுகிறவர்களில் பெரும்பாலோர் மின்சார மோட்டாரும் பாட்டரியும் வாங்கிப் பொருத்திக்கொண்டுவிடுகிறார்கள். பாகங்களைக் கம்ப்யூட்டர் லேத் கடைந்து தருகிறது. ஆனால் எங்கே இறுக்கவேண்டும், எங்கே மயிரிழை தளர்த்தவேண்டும் என்பதை எந்தப் படமும் முழுக்கச் சொல்லிவிடாது. அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகவேண்டிய வித்தை. இடையில் ஒரு தலைமுறை 'எதற்கு?' என்று கேட்டுவிட்டால், மிஞ்சுவது செருப்புப் பெட்டியும் பழைய இரும்பும்தான்.

நான் புறப்பட்டபோது பெரியவர் மேஜைமேல் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, அந்தப் பெட்டியிலிருந்த பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். என்னென்ன இருக்கிறது, இன்னும் என்னென்ன செய்யவேண்டும் என்று காகிதத்தில் ஒரு பட்டியலும் வளர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.