சுண்ணாம்புப் பாறைமேல் ஒரு சாண் மண்

மே 14

கான்சாஸ் மாநிலம், சேஸ் கவுண்டி. ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகளில் இன்று முதல் குழி. மேய்ச்சல் நிலக்காரர் ஒருவர் தன் மேட்டில் தோண்டிப் பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறார். சரிவின் மேல்விளிம்பில் தொடங்கினோம். 23 சென்டிமீட்டரில் கடப்பாரை ‘ணங்’ என்று நின்றுவிட்டது. சற்றுத் தள்ளி இன்னொரு குழி: 31. அதற்கும் அப்பால் மண்ணே இல்லை. வெளுத்த சுண்ணாம்புப் பாறை வெயிலில் கிடக்கிறது.

ஆழம் இவ்வளவுதானே என்று இந்த மண்ணை ஒதுக்கிவிட முடியாது. ஈரப்படுத்தி மன்செல் வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்தால் கருமைக் கட்டத்தில் அப்படியே பொருந்துகிறது. விரல்களுக்கிடையில் பொலபொலவென்று உதிர்கிறது. எந்த இடத்தில் கிள்ளினாலும் வேர் கலந்துதான் வருகிறது. கறுப்பு மண் என்றாலே கரிசல் என்று பழகிய கண் எனக்கு. ஆனால் கரிசல் அவ்வளவு கறுப்பாக இருந்தும் அதில் மக்கு குறைவு. இங்கே அந்தக் கறுப்பே மக்குதான். பல்லாயிரம் ஆண்டுகளாகப் புல்லின் வேர் மண்ணுக்குள்ளேயே செத்துச் செத்துச் சேர்த்து வைத்த சொத்து. மண்ணியலார் இதை மாலிசால் வரிசையில் வைக்கிறார்கள். கெட்டிப் பாறை 50 சென்டிமீட்டருக்குள் வந்துவிடுவதால் அந்த வரிசையிலேயே ‘பாறையொட்டிய’ பிரிவு.

மே 15

பத்து விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலம், சொட்டுக்குப்பி. மேல் மண்ணில் விட்டால் சலனம் இல்லை. மழை அங்கிருந்த சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விட்டது. பாறையில் விட்டால் நுரைத்துப் பொங்குகிறது. அதே குழியில் கிடந்த சாம்பல் நிறக் கல்லில் விட்டேன். ஒரு குமிழிகூட இல்லை. அது சக்கிமுக்கிக் கல், முழுக்கச் சிலிக்கா. என் கத்தியின் எஃகைக் கீறிவிட்டது.

இந்தக் கல்தான் இந்தப் பகுதியின் கதையை மாற்றியது. சுண்ணாம்பு கரைந்துபோக, கரையாத சக்கிமுக்கி மட்டும் மண்ணெங்கும் தங்கிவிட்டது. 1806இல் இவ்வழியே போன ஸெபுலன் பைக் என்ற படையதிகாரி, இந்தக் கல்லைப் பார்த்துத்தான் இவற்றை ‘ஃபிளின்ட் ஹில்ஸ்’, அதாவது சக்கிமுக்கிக் குன்றுகள், என்று எழுதினார். பின்னால் வந்த குடியேறிகளின் கலப்பை இங்கே ஓடவில்லை. வட அமெரிக்காவில் ஒருகாலத்தில் சுமார் 17 கோடி ஏக்கரில் உயர்புல் பிரெய்ரிப் புல்வெளி இருந்தது. இன்று எஞ்சியது 4 விழுக்காட்டுக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி இங்கே. ஆழமான மண் இருந்த அயோவாவிலும் இல்லினாயிலும் புல் ஏறத்தாழ முழுவதும் மக்காச்சோளக் காடாகிவிட்டது. விளைச்சலுக்கு ஆகாது என்று விட்ட மண்தான் அந்தப் புல்லைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் உடம்பு சிலிர்க்கிறது.

மே 16

காலையிலிருந்து மழை. குழிப் பக்கம் போகவில்லை.

சாலையோரக் கல்வேலிகளைப் பார்த்தபடி நடந்தேன். 1867இல் மாநிலச் சட்டம் ஒன்று, ஐந்து மீட்டர் நீளமுள்ள கல்வேலிக்கு 40 சென்ட் கொடுத்தது. சாந்து பூசாமல், கல்மேல் கல் அடுக்கியது. பல இடங்களில் இன்னும் நிற்கிறது. காட்டன்வுட் ஃபால்ஸில் 1873இல் கட்டிய நீதிமன்றமும் இதே சுண்ணாம்புக்கல். கல்லைக் கிட்டப் போய்ப் பார்த்தால் கோதுமை மணி போலப் புதைபடிவங்கள். ஃபியூசுலினிட் என்ற ஒற்றைச்செல் உயிர்களின் ஓடுகள். பெர்மியன் காலத்தில் இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது.

மாலையில் ஒரு கணக்குப் போட்டேன். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறையைக் கரைக்கிறது. கரையாமல் மிஞ்சும் களிதான் மண். பாறையின் கன அளவில் பத்தில் ஒரு பங்கு மண்ணாக மிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், 30 சென்டிமீட்டர் மண்ணுக்கு மூன்று மீட்டர் பாறை கரைந்திருக்க வேண்டும். காற்று கொண்டுவந்த புழுதியும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். அதைக் கழித்தாலும் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு பருவம் மேய்ச்சல் அளவு மீறி, ஒரு பெருமழை இந்த மண்ணை அடித்துக்கொண்டு போனால், இதைத் திருப்பிக் கொண்டுவர எந்த உரமும் இல்லை.

மே 18

மழைக்குப் பின் குழிச் சுவர் நன்றாகத் தெரிகிறது. பாறை ஒரே பலகையாக இல்லை, செங்குத்தாகப் பிளவுகள். ஒவ்வொரு பிளவிலும் கருமண் இறங்கியிருக்கிறது, அதோடு வேரும். கல்லை நெம்பியெடுத்தபோது பிளவின் சுவரில் வேர்கள் தட்டையாக நசுங்கிப் பரவியிருந்தன. நெப்ராஸ்காவில் ஜான் வீவர் என்ற தாவரச் சூழலியலாளர் ஆழமான மண்ணில் அகழி வெட்டிப் பெரிய புளூஸ்டெம் புல்லின் வேர் இரண்டு மீட்டரையும் தாண்டுவதைக் காட்டினார். இங்கே அந்த வழியை இந்தப் பிளவுகள்தான் தருகின்றன.

அவை இல்லையென்றால் பிழைப்பு கடினம். 30 சென்டிமீட்டர் மண், செடிக்குக் கிடைக்கிற நீராகச் சுமார் 5 சென்டிமீட்டர் பிடித்து வைக்கும். கோடையில் புல் நாளைக்கு 5 மில்லிமீட்டர் குடித்தால் பத்து நாளில் தீர்ந்துவிடும். அதனால்தான் மேட்டில் பெரிய புளூஸ்டெம் குட்டையாக ஒதுங்கி நிற்க, சிறிய புளூஸ்டெம்மும் சைடோட்ஸ் கிராமா என்ற புல்லும் இடத்தைப் பிடித்திருக்கின்றன. சரிவின் அடியில், மண் கனத்த இடத்தில், பெரியது ஆளுயரம் போகும்.

கல்லிடுக்கில் பென்ஸ்டிமன் பூத்திருக்கிறது: வெள்ளையில் ஊதா ஓடிய, கட்டைவிரல் நுழையும் பூ. பக்கத்தில் முள்ளோடு படர்ந்த கொடியைத் தொட்டேன், இலை மூடிக்கொண்டது! நம் தொட்டாச்சிணுங்கியின் பேரினமேதான், மிமோசா. அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மே 20

தூரத்திலிருந்து பார்த்தால் குன்றுகள் படிக்கட்டாக இறங்குகின்றன. கெட்டியான சுண்ணாம்புப் பாறை படியாகிறது. இடையிலுள்ள மெத்தென்ற களிப்பாறை சரிவாகிறது. பிளவு வழி இறங்கிய நீர் களிப்பாறையில் தடுக்கப்பட்டு ஊற்றாக வெளிவருகிறது. அந்த ஊற்றுகள் நெடுகப் புதர்கள் வரிசை கட்டியிருக்கின்றன.

புதர் பெருகுவதுதான் இன்றைய கவலை, சிவப்பு சீடர் மரம் அதைவிட. இதே மாநிலத்தின் மன்ஹாட்டன் நகருக்கு அருகே கொன்ஸா பிரெய்ரியில் பல பத்தாண்டுகளாக நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஆண்டுதோறும், இரண்டு, நான்கு, இருபது ஆண்டுக்கு ஒருமுறை என்று தனித்தனியே எரித்துப் பார்க்கிறார்கள். நெருப்பு அரிதாகும் இடத்தில் புல்வெளி புதர்க்காடாகிறது. நெருப்பை இங்கே புல்லோடு சேர்த்து வளர்த்தவர்கள் கா, ஓசேஜ் பழங்குடி மக்கள். பக்கத்திலேயே கவுன்சில் குரோவில் வாழ்ந்த கா மக்களை 1873இல் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மண்ணின் விவரத்தை எழுதும் ஏட்டில் இதுவும் இருக்க வேண்டும்.

மே 22

கடைசிக் குழி காட்டன்வுட் ஆற்றுச் சமவெளியில். ஒன்றரை மீட்டர் இறங்கியும் பாறை வரவில்லை. நல்ல வண்டல். சுற்றிலும் சோயா விதைத்திருக்கிறார்கள். பிரெய்ரிப் புல் ஒன்றுகூட இல்லை.

நிலக்காரரிடம் குழிகளின் அளவைக் காட்டினேன். மேட்டில் மாடுகள் நிற்கும் இடத்தில் மட்டும் புல் ஏன் தேறுவதில்லை என்று கேட்டார். அங்கேதான் அவர் உப்புக்கட்டி வைக்கிறார். மாடுகள் கூடி மிதிக்கும் இடம் 23 சென்டிமீட்டர் மண். கட்டியைச் சரிவின் அடிக்கு, 80 சென்டிமீட்டர் அளந்த இடத்துக்கு மாற்றலாமா என்றேன். குனிந்து குழியை ஒருமுறை பார்த்துவிட்டு, நாளைக் காலையே வண்டியில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார்.