சார்ஜ் ஏறாத பேட்டரியும் எனக்கு ஏறாத புத்தியும்

டெல்லிக்கு வந்து பத்து வருஷம் ஆச்சு. இன்னமும் சண்டை போடுகிற அளவுக்கு இந்தி வரவில்லை. போன மாசம் அதற்கும் ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது.

மடிக்கணினி கீபோர்டில் காபியைக் கொட்டிவிட்டு, நேரு ப்ளேஸில் ஒரு சின்னக் கடையில் கொடுத்து மாற்றி வாங்கி வந்தேன். வீட்டில் மாட்டினால் ஓடுகிறது, பேட்டரி மட்டும் சார்ஜ் ஆகவில்லை. 41 சதவீதத்திலேயே நிற்கிறது. அதற்கு அடுத்தடுத்த நாள் ஊருக்கு ரயில். அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன். "திருக்குறள் எக்ஸ்பிரஸில் உட்கார்ந்துகொண்டே வேலையை முடித்துவிடுகிறேன்" என்று மேனேஜரிடம் கெஞ்சித்தான் லீவே வாங்கியிருந்தேன். நெல்லை போய்ச் சேர இரண்டு நாள். ரயில் பெட்டியில் இருக்கிற ப்ளக்கை நம்பி பிழைப்பு நடத்த முடியுமா?

ராத்திரி முழுக்க எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தேன். அணைத்துவிட்டு, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடித்தேன். பேட்டரி டிரைவரை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதே என்கிற செட்டிங்கையும் பார்த்தேன். 41-ல் நிற்பதற்கு அது காரணமாக இருக்க முடியாது. ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் திரையில் ஏதோ ஒரு எச்சரிக்கை வந்தது. படிக்காமலே ஒரு கீயைத் தட்டி தாண்டிப் போனேன்.

பொழுது விடியும்போது முடிவுக்கு வந்துவிட்டேன். கடைக்காரப் பையன் பேட்டரியை மாற்றிவிட்டான்!

காலையில் கடை திறந்ததும் போய், தெரிந்த இந்தியில் 'சோர்' என்று கத்திவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பையனுக்கு இருபது வயசு இருக்கும். பதில் பேசவில்லை. "சார், சார்ஜர் திகாயியே" என்றான். வாங்கி முனையைப் பார்த்தான். நடுவில் இருக்கிற மெல்லிய ஊசி வளைந்து ஒட்டிக் கிடந்தது. கடையில் இருந்த வேறு சார்ஜரை மாட்டினான். 42, 43 என்று ஏற ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். எங்கள் மாடல் மாதிரி சிலவற்றில் அந்த ஊசி மின்சாரம் கொண்டுபோவதற்கில்லை. "நான் இத்தனை வாட் சார்ஜர்" என்று கணினிக்குச் சொல்வதற்கு. அந்தச் சேதி போய்ச் சேராவிட்டால் கணினி ஓடும், பேட்டரியை மட்டும் ஏற்றாது. நான் தாண்டிப் போன எச்சரிக்கையில் எழுதியிருந்ததும் இதுவேதான், சார்ஜரை அடையாளம் தெரியவில்லை என்று. முந்தின நாள் மெட்ரோ கூட்டத்தில் பையை நசுக்கியது அடியேன்தான்.

புது சார்ஜருக்கு மட்டும் காசு வாங்கினான். பார்த்துக் கொடுத்ததற்கு வாங்கவில்லை. 'மாஃப் கரோ' என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த மடிக்கணினியின் திருகாணியைக் கழற்றப் போய்விட்டான். வந்த புதிதில் இதே ஊரில் வீட்டுக்காரர் என்னை 'மதராஸி' என்று சொல்லி சந்தேகப்பட்டது ஞாபகம் வந்தது. ரயிலில் வேலை ஓடியது. மனசுதான் ஓடவில்லை.

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கண்ணாடி இல்லாமலே என் முகம் தெளிவாகத் தெரிகிறதாம்.

டிஸ்கி: ரிப்பேருக்குப் பிறகு சார்ஜ் ஏறவில்லையா? முதலில் வேறு சார்ஜரை மாட்டிப் பாருங்கள், அதே வாட் உள்ளதாக. பேட்டரி உப்பியிருந்தால் எதையும் மாட்டாதீர்கள். யாரையும் திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.