உறைந்த உணவும் உவர்நீர் மீன்களும்

மீன் வளர்ப்பதென்றால் பொரியைத் தூவி மகிழ்வதுதான் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். கோயில் தெப்பக்குளத்து மீன்களுக்கு அது போதும். கடல்நீர்த் தொட்டியில் வாழும் உயிர்களுக்குப் போதாது. அவை கடலில் இறாலையும் கணவாயையும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுயிர்களையும் தின்று வாழ்பவை. நகரத்தின் நடுவே அவற்றை நாள்தோறும் யார் பிடித்து வந்து கொடுப்பது? ஆகவேதான் உறைந்த உணவு தேவையாயிற்று. அது எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதைப் பற்றி நான் அறிந்துகொண்டதை நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கடல்மீன்களைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சென்னைக் கடற்கரையில் 1909-லேயே ஒரு மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. மும்பை மெரின் டிரைவில் தாராப்பூர்வாலா மீன்காட்சியகம் 1951-இல் திறக்கப்பட்டது. இன்றோ உணவு விடுதிகளிலும் வீட்டுக் கூடங்களிலும் கடல்நீர்த் தொட்டிகள் வந்துவிட்டன.

நான் வளர்ந்த ஆண்டாப் ஹில்லுக்கும் இந்த உணவுக்கும் ஓர் உறவு உண்டு. எங்கள் பகுதிக்கு அண்மையில் இருந்த வடாலா உப்பளங்களில் ஆர்ட்டீமியா என்னும் உப்பளத்து இறால் வாழ்வதை 1950-களிலேயே அறிவியலாளர் பதிவு செய்துள்ளனர். தூத்துக்குடி உப்பளங்களிலும் அது உண்டு. கடல்மீன்களுக்கு உறைய வைத்து விற்கப்படும் தீனிகளில் உலகெங்கும் பெயர் பெற்றது இந்தச் சிற்றுயிர்தான்.

எங்கள் கட்டிடத்தில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர். உணவு விடுதிகளில் உள்ள மீன்தொட்டிகளைத் துப்புரவு செய்து, மீன்களுக்குத் தீனியிட்டுப் பராமரிப்பது அவர் தொழில். 2020-இல் ஊரடங்கு வந்ததும் விடுதிகள் மூடப்பட்டன. ஆறு மாதத்திற்குமேல் வருமானம் இல்லை. அக்டோபர் தொடக்கத்தில் விடுதிகள் மீண்டும் திறந்தபோது ஒரே ஓர் இடத்தில் வேலை கிடைத்தது. கோமாளி மீன்களும் சில துப்புரவு இறால்களும் உள்ள பெரிய தொட்டி. கடன் வாங்கி இரண்டு மாதத் தீனியை வாங்கிவந்து, வீட்டுப் பிரிட்ஜின் ஐஸ் அறையில் அடுக்கினார்.

அக்டோபர் 12-ஆம் நாள் காலை பத்து மணியளவில் மும்பை முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. நிறைந்த பெரிய உறைபெட்டி, கதவைத் திறக்காதிருந்தால், ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும். ஒற்றைக் கதவுப் பிரிட்ஜின் சிறிய ஐஸ் அறை அப்படித் தாங்காது. அன்று புழுக்கம் வேறு. பிள்ளைகள் தண்ணீருக்காகப் பலமுறை கதவைத் திறந்தார்கள். மின்சாரம் திரும்பியபோது பொட்டலங்கள் கூழாகிக் கிடந்தன.

"கரண்டுதான் வந்துட்டுல்லா? உள்ளயே இருக்கட்டும், திரும்பக் கட்டியாயிரும்" என்றார் அக்கா.

"கட்டியாகும், நல்லதாகுமா?" என்றார் அண்ணாச்சி.

அந்த ஒரு கேள்வியில் இந்தப் பொருளின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. குளிர் நுண்ணுயிர்களை உறங்க வைக்கிறது, எல்லாவற்றையும் கொன்றுவிடுவதில்லை. உருகிய சில மணி நேரத்தில் அவை விழித்துப் பெருகுகின்றன. அவை உண்டாக்கிய நஞ்சு மீண்டும் உறைய வைப்பதால் மறைவதில்லை. வீட்டுப் பெட்டியில் மெதுவாக உறையும்போது பெரிய பனிப்படிகங்கள் உருவாகித் தசையின் அறைகளைக் கிழித்துவிடுகின்றன. பிறகு உருகும்போது சத்துநீர் வெளியேறித் தொட்டியைக் கெடுக்கிறது. மீதமான தீனி அழுகினால் அம்மோனியா தோன்றும். கடல்நீர் காரத்தன்மை உடையதாகையால் அங்கே அம்மோனியாவின் கொடுமை நன்னீரில் இருப்பதைவிட மிகுதி.

வைரசுகளின் கதை இன்னும் கடுமையானது. இறால்களைக் கொல்லும் வெண்புள்ளி நோய் 1990-களின் நடுவில் நம் கிழக்குக் கரைப் பண்ணைகளை அழித்தது. அதன் வைரசு உறைந்த இறாலிலும் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. 2016-இன் இறுதியில் ஆஸ்திரேலியாவின் லோகன் ஆற்றுப் பண்ணைகளில் அந்நோய் தோன்றியபோது, வெளிநாட்டுப் பச்சை இறாலின் மீது ஐயம் எழுந்தது; 2017 ஜனவரியில் அந்நாடு அதன் இறக்குமதியை நிறுத்தி வைத்தது. இந்த வைரசு மனிதருக்குத் தீங்கு செய்யாது. ஆகவே நாம் உண்ணத் தகுந்த இறால், தொட்டி இறாலுக்கு எமனாகலாம்.

கெடாத மீனிலும் ஒரு குறை உண்டு. நெத்திலி போன்ற சில பச்சை மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் தயாமினேஸ் என்னும் நொதி இருக்கிறது. உறைபெட்டியிலும் அது தன் வேலையை மெல்லச் செய்துகொண்டே இருக்கும். 1930-களில் அமெரிக்காவில் பச்சைக் கெண்டையினமீன் தின்ற பண்ணை நரிகள் வாதம் கண்டு இறந்ததிலிருந்துதான் இந்த உண்மை வெளிப்பட்டது. எனவே ஒரே மீனை நாள்தோறும் இடலாகாது.

இவற்றுக்கு மாற்றும் இருக்கிறது. உறைந்த தீனியைக் காமாக் கதிரால் தூய்மை செய்து விற்கும் நிறுவனங்கள் உள்ளன. உணவுப் பொருள்களைக் கதிர்வீச்சால் காக்கும் ஆராய்ச்சி, செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பல்லாண்டுகளாக நடந்துவருகிறது. எனினும் முன்பே கெட்டுப்போன உணவைக் கதிர் நல்லதாக்காது. வீட்டில் செய்யத்தக்கவை எளியவை: ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்தல், குளிர்ச்சியிலேயே உருகவிடுதல், நல்ல தண்ணீரில் அலசுதல், சில நிமிடத்தில் தின்றுமுடிக்கும் அளவே இடுதல், உருகியதைத் திரும்ப உறைய வைக்காதிருத்தல்.

நிற்க. அண்ணாச்சி கடன் சரக்கு முழுவதையும் அன்றே குப்பையில் கொட்டினார். அக்கா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அப்போது மின்சார ரயிலில் எல்லோரும் ஏற அனுமதி இல்லை. கிராபர்டு மார்க்கெட் சென்று புதுத் தீனி வாங்கக் கையில் பணமும் இல்லை. மறுநாள் காலை கோலிவாடாவில் மீன்காரப் பெண்களிடம் அன்றைய கணவாயும் வெண்சதை மீனும் கொஞ்சம் வாங்கி, நகக்கண் அளவு அரிந்து, அலசி, டப்பாவில் போட்டு எடுத்துப் போனார். இறாலை மட்டும் தொடவில்லை. "இறால் இருக்குற தொட்டிக்கு இறாலைக் கொண்டு போகப்பிடாது, தம்பி" என்று எனக்குச் சொன்னார். இரண்டு வாரம் அப்படியே நடந்தது. மீன்கள் பிழைத்தன, வேலையும் நிலைத்தது. கடனை அடைக்கத்தான் பொங்கல் வரை ஆயிற்று.

விடுதிக்கு வந்தவர்கள் மீன்களின் நிறத்தைப் புகழ்ந்திருப்பார்கள். அந்தக் குப்பைத் தொட்டியில் விழுந்த பொட்டலங்களை அவர்கள் அறியமாட்டார்கள். வாயில்லா உயிர் ஒன்று நம் கையை எதிர்பார்த்து வாழும்போது, "இது கெட்டிருக்குமோ" என்று அதனால் கேட்க முடியாது. அந்தக் கேள்வியை அதற்காக நாம்தான் கேட்கவேண்டும்; விடை நமக்கு நட்டமாக இருந்தாலும் கேட்கவேண்டும்.