இரண்டு வெண்மைகள்

பெங்களூரில், அல்சூரில் உள்ள எங்கள் இல்லத்திற்குச் சென்ற ஆண்டு வண்ணம் பூச முற்பட்டோம். கடைக்காரர் இரண்டு அட்டைகளைத் தந்தார். இரண்டும் வெண்மையே. ஒன்றில் மஞ்சளின் சாயல். மற்றொன்றில் சாம்பலின் சாயல். டைட்டேனியம் டை ஆக்சைடு என்னும் வெண்பொடியே இரண்டிற்கும் அடிப்படை. சேர்க்கும் சில துளி நிறமியே வேற்றுமைக்குக் காரணம்.

கடையின் வெளிச்சத்தில் அவ்வேற்றுமை எனக்குப் புலப்படவில்லை. ஆதலால் கூடத்துச் சுவரில் இரண்டையும் அருகருகே, இரண்டடிச் சதுரமாக, இருமுறை பூசச் செய்தேன். எங்கள் கூடத்துச் சன்னல் வடக்கு நோக்கியது. பெரும்பாலும் நேர்வெயில் வாராது, வானத்தின் நீலம் கலந்த ஒளியே வரும். அவ்வொளியில் சாம்பல் வெண்மை மங்கிக் குளிர்ந்தது. மஞ்சள் வெண்மை இதமாக இருந்தது. இரவில் 2,700 கெல்வின் விளக்கின்கீழ் அதுவே வெண்ணெய் போலாயிற்று.

என் அன்னையாரோ, "இரண்டும் ஒன்றுதானே, தம்பி! எதற்கு வீண் செலவு?" என்றார். அருகில் அழைத்துக் காட்டினேன். அப்போதும் அதையே சொன்னார். பிடிவாதம் என்று எண்ணிச் சற்றுக் கடிந்து பேசிவிட்டேன். அவர் மறுமொழி கூறாமல் உள்ளே சென்றுவிட்டார்.

அடுத்த திங்களில் அவருக்கு வலக்கண்ணில் புரை நீக்கினர். கட்டவிழ்த்த பின், அச்சுவரின் எதிரே அமர்ந்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தார். "தம்பி, இந்தக் கண்ணுக்கு ஒரே நிறம், அந்தக் கண்ணுக்கு இரண்டு நிறம்!" என்றார்.

முதுமையில் கண்ணின் வில்லை பழுத்து மஞ்சளாகிறது. ஒளியின் நீலப் பகுதியைத் தடுக்கிறது. இது மெல்ல மெல்ல நிகழ்வதால் உடையவரே அறிவதில்லை. செயற்கை வில்லை பொருத்தியதும் நீலம் மீண்டும் தெரிகிறது. கண்ணின் குறையைக் குணத்தின் குறையாகக் கொண்ட என் பேதைமையை எண்ணி நாணினேன். "மன்னித்துவிடுங்கள், அம்மா" என்றேன்.

அவர் சாம்பல் வெண்மையைத் தொட்டுக் காட்டினார். "இதுதான் நம் ஊர்ச் சுவர். பொங்கலுக்குச் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடிப்போமே, மறந்துவிட்டாயா?" என்றார். நான் மறந்துதான் இருந்தேன்.

கூடத்திற்கு மஞ்சள் வெண்மையும், காலை வெயில் படும் அவர் அறைக்குச் சாம்பல் வெண்மையும் பூசினோம். வண்ணம் தேர்வோர் அட்டையை நம்பாமல், தம் வீட்டுச் சுவரில் பூசி, பகலிலும் இரவிலும் பார்ப்பது நன்று. உடன் வாழும் முதியோர் "வேறுபாடு தெரியவில்லை" என்றால், சினவாமல் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அதனினும் நன்று.