தெய்சேவுக்குப் பிள்ளைகளோடு செல்பவர்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், க்ளூனிக்கு வடக்கே ஒரு குன்றின் மேல் இருக்கிறது தெய்சே என்ற சிற்றூர். சுவிட்சர்லாந்திலிருந்து 1940-இல் இங்கு வந்த சகோதரர் ரோஜர் தொடங்கிய துறவியர் குழுமத்தில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் ஒன்றாக வாழ்கிறார்கள். கோடையில் வாரந்தோறும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இந்தக் குன்றில் கூடுகிறார்கள். ஒரு ஞாயிறு வந்து மறு ஞாயிறு புறப்படுவது வழக்கம். 18 வயது நிறையாதவர்கள் தனியே வர முடியாது. பங்கிலிருந்தோ பள்ளியிலிருந்தோ பெரியவர் ஒருவர் பொறுப்பேற்று உடன் வர வேண்டும்.

மாக்கோன் அதிவேக ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிப்பவர்கள் உண்டு. ஜெர்மனியிலிருந்து தனிப் பேருந்திலேயே வந்துவிடும் குழுக்களும் உண்டு. வந்ததும் பெயர் பதிவு. நாட்டையும் வயதையும் பொறுத்து மாறும் வாரக் கட்டணத்தைப் பொறுப்பாளர் மொத்தமாகச் செலுத்துகிறார். சகோதரர்கள் தங்களுக்கென்று நன்கொடை எதுவும் வாங்குவதில்லை. மண்பாண்டம் முதலான சொந்த உழைப்பில்தான் வாழ்கிறார்கள். படுக்கை அடுக்குக் கட்டில்களிலோ கூடாரத்திலோ. மழை பெய்தால் கூடாரக்காரர்களின் பாடு திண்டாட்டம்.

காலை, நண்பகல், இரவு என மூன்று வேளை மணியடித்துச் செபம். காலைச் செபம் முடிந்தபின் கிடைப்பது ஒரு துண்டு ரொட்டி, வெண்ணெய், சாக்லேட் குச்சி, கிண்ணத்தில் தேநீர். கிண்ணத்துக்குப் பிடி கிடையாது. விரல் சுட்டுக்கொண்டுதான் குடிக்க வேண்டும். மதியமும் இரவும் ஒரே தட்டு, ஒரே கரண்டி. கத்தியோ முள்கரண்டியோ இல்லாததால் ஐரோப்பியப் பிள்ளைகள் முதல் நாள் சற்றுத் தடுமாறுவதும், இரண்டாம் முறை வாங்க முடியுமா என்று பொறுப்பாளரிடம் வந்து நிற்பதும் சகஜம். பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, கழிப்பறை துடைப்பது எல்லாமே வந்தவர்களின் வேலை. வீட்டில் தான் குடித்த டம்ளரைக்கூடக் கழுவாத பையன் இங்கே பெருந்தொட்டியில் முழங்கை வரை நனைந்து, பாடிக்கொண்டே தட்டு தேய்ப்பான். சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தால் இந்த இடத்தின் பாதிச் சுவை போயிருக்கும்.

பகலில் உடன் வந்தவருக்கு அதிக வேலை இல்லை. காலையில் ஒரு சகோதரர் விவிலியப் பகுதி ஒன்றை விளக்குகிறார். பிறகு பல நாட்டு இளைஞர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து, அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறார்கள். பெரியவர் அருகில் உட்கார்ந்தால் பேச்சு வறண்டுவிடும் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் தள்ளியே இருப்பார்கள். ஊரில் வகுப்பு நடத்தியே பழகியவர்களுக்கு இப்படிச் சும்மா இருப்பதுதான் கஷ்டம்.

உடன் வந்தவர்களின் வேலை இரவில்தான் தொடங்குகிறது. இரவுச் செபத்துக்கு இன்ன நேரத்தில் முடிவு என்று கிடையாது. சகோதரர்கள் எழுந்து சென்ற பிறகும், ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும் அந்தப் பாடல்கள் தொடரும். அவற்றில் பல ஜாக் பெர்த்தியே இசையமைத்தவை. வெள்ளிக்கிழமை சிலுவையைத் தரையில் கிடத்துவார்கள். அதில் நெற்றி பதிக்க நீளும் வரிசை நள்ளிரவை நெருங்கும். அழுதுகொண்டு வெளியே வரும் பிள்ளையிடம் காரணம் கேட்காமல் அருகில் நிற்பது பொறுப்பாளருக்கு வேண்டிய பக்குவம். பேச விரும்புவோருக்குச் செவிகொடுக்கச் சகோதரர்கள் சிலர் ஆலயத்திலேயே காத்திருப்பார்கள். இன்னொரு கூட்டம் ஓயாக் என்ற தின்பண்டக் கடையைச் சுற்றிக் கிதார், ஆட்டம், கூச்சல் என்றிருக்கும். கடை அடைத்ததும் எல்லாரையும் படுக்கைக்கு அனுப்பித் தலை எண்ண வேண்டும். ஒரு தலை குறைந்தால், வேறு நாட்டுக் கூடாரத்தில் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கும் தலையைத் தேட வேண்டியதுதான்.

செபம் நடக்கும் ஒப்புரவு ஆலயம் 1962-இல் திறக்கப்பட்டது. 1971 ஈஸ்டருக்கு வந்த கூட்டம் கொள்ளாமல் அதன் முன்சுவரையே இடித்துவிட்டு, சர்க்கஸ் கூடாரம் ஒன்றை ஒட்டவைத்தார்கள். கட்டடத்தைவிட வருகிறவர்கள் முக்கியம் என்ற இந்த மனப்போக்கு குன்றின் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் புறப்பாடு. அறையைப் பெருக்கி, காணாமல் போன செருப்பைத் தேடி, கட்டிப்பிடித்து அழுபவர்களைப் பிரித்துப் பேருந்தில் ஏற்ற வேண்டும். அதே கட்டில்களுக்கு அன்று மாலையே அடுத்த குழு வந்துவிடும்.