குடம் அடிக்கிறவர்

வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் 2022 அக்டோபரில் மறைந்தபோது பத்திரிகைகளில் வந்த அஞ்சலிகள் பலவற்றையும் வாசித்தேன். நெல்லைப் பக்கம் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து, என்.எஸ். கிருஷ்ணன் அழைப்பில் சென்னைக்குப் போய், வில்லைச் சபாவுக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோனவர். 2021ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பெற்றவர். அவருக்கு முன்பே கொத்தமங்கலம் சுப்பு காந்தி மகான் கதையை வில்லில் பாடிவிட்டார். நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு வில்லுப்பாட்டு என்றால் இந்த மேடைதான். ஒரு மணி நேரம், ஒரு நல்ல கருத்து, நடுவில் சிரிப்பு. ஆனால் அந்த வில்லு புறப்பட்டு வந்த இடம் கிராமக் கோயில் திருவிழாவான கொடை. சாமிக்கு முன்னால், சாமி கதையை, சாமி கேட்கும்படி பாடுவதற்கு ஏற்பட்டது. அதை அங்கே போய்க் கேட்க வேண்டும் என்று அப்போதிருந்தே மனதில் கிடந்தது.

சங்கரன்கோவிலில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒரு வைகாசியில் கொடை நோட்டீஸைப் போனில் அனுப்பினார். நான்கு பக்கம். கால்நாட்டு, குடியழைப்பு, மாக்காப்பு, உச்சிக்கொடை, சாமக்கொடை, மஞ்சள் நீராட்டு என்று நேரத்தோடு எல்லாம் இருந்தது. ஓரிடத்தில் 'வில்லிசை' என்று போட்டு, தலைமைப் பாடகியின் பெயர், கீழே 'குழுவினர்'. மற்ற இடமெல்லாம் நன்கொடையாளர் பெயர்கள். "முழு ராத்திரி வில்லு போடுற ஊர் கொறஞ்சுக்கிட்டே வருது. இந்த ஊர்ல இன்னும் விடல. வந்திருங்க" என்று நண்பர் எழுதியிருந்தார்.

சங்கரன்கோவில் ஊரே ஒரு பெரிய அரங்கம்தான். ஆடித்தபசு அன்று தெற்கு ரத வீதியில் நிற்க இடம் இருக்காது. கோமதி அம்மன் தவமிருக்க, சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுக்கும் நேரத்தில் விவசாயிகள் பருத்தியையும் வத்தலையும் தானியத்தையும் அள்ளி வீசுவார்கள். விளைந்ததில் ஒரு பங்கைக் கண்முன்னால் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போகிற நாடகம் அது. பார்வையாளர், நடிகர் என்ற பிரிவு அங்கே கிடையாது. அந்தப் பெரிய அரங்கத்தைச் சுற்றி, கரிசலிலும் மேற்கே மலையடிவாரம் வரைக்கும், நூற்றுக்கணக்கான சிறு அரங்கங்கள். ஒரு சுடலைமாடன் பீடம், ஒரு இசக்கியம்மன் கோயில், ஒரு வேப்பமரம், முன்னால் ஒரு பந்தல். கொட்டகை கட்டி டிக்கெட் போட்ட காலம் வந்தது, போனது. ஊர் தலைக்கட்டு வரி போட்டு நடத்துகிற இந்த அரங்கம் இன்னும் நிற்கிறது.

நாங்கள் போனது நெற்கட்டும்செவல் பக்கம் ஒரு சிற்றூர். பூலித்தேவர் ஆண்ட மண். திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் எல்லாம் வந்து இறங்கியிருந்தார்கள். தீபாவளிக்கு வராதவன்கூடக் கொடைக்கு வந்துவிடுவான் என்றார் நண்பர். வராவிட்டாலும் வரியை அனுப்பிவிட வேண்டும். வரி கொடுத்தவன் ஊர்க்காரன். கொடை நடந்தால் ஊர் ஒன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு தரப்புக்கும் பேச்சு முறிந்து சில வருடம் கொடையே நின்றுபோன ஊர்கள் பக்கத்திலேயே இருக்கின்றன.

வில்லுச் செட்டில் ஐந்து பேர். நடுவில் தலைமைப் பாடகி, கையில் இரண்டு வீசுகோல். நாற்பது வயது இருக்கும். அவருடைய அப்பாவும் வில்லுக்காரர். ஒரு பக்கம் குடம், இன்னொரு பக்கம் உடுக்கை, பின்னால் ஜால்ராவும் கட்டையும். பெண்கள் தலைமையேற்றுப் பாடும் செட்டுகள் இன்று தென்மாவட்டங்களில் நிறைய. வீசுகோல் நாணில் விழுந்ததும் வில்லில் கட்டிய மணிகள் அத்தனையும் ஒரே சமயத்தில் குலுங்கும். அந்தச் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் இருக்கும் கிழவியும் எழுந்து வருவாள்.

நான் பாடகியோடு பேசத்தான் போனேன். ஆனால் என் கவனம் முழுக்கக் குடக்காரரிடம் போய்விட்டது.

மாலையில் செட்டு வந்து இறங்கியபோது மற்றவர்கள் காப்பி குடிக்கப் போனார்கள். அவர் போகவில்லை. கித்தான் சாக்கிலிருந்து குடத்தை எடுத்து, வைக்கோல் புரிமணையின் மேல் சாய்த்து வைத்து, விரலால் வயிற்றுப் பக்கம் தட்டித் தட்டிக் கேட்டார். பிறகு சற்றுத் திருப்பி வைத்துத் தட்டினார். சுட்ட மண் எல்லாப் பக்கமும் ஒரே போல இருக்காது. சூளையில் நெருப்புப் பார்த்த பக்கம் ஒரு குரல், பார்க்காத பக்கம் ஒரு குரல். இன்றைய ராத்திரிக்கு எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் பனை வைரத்தில் செய்த வில்லின் நடு வளைவைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். கட்டு இறுகினால் வில்லும் குடமும் ஒரு கருவி. தளர்ந்தால் இரண்டும் தனித்தனி.

"தண்ணிக் குடத்த வாங்கி அடிச்சா ஆகாது தம்பி. சொல்லிச் செய்யணும். கழுத்து கனமா இருக்கணும், வயிறு மெலிசா இருக்கணும். அப்படி வனையுற கை இப்ப ஒண்ணு ரெண்டுதான் இருக்கு" என்றார். எப்போதும் இரண்டு குடத்தோடுதான் கிளம்புகிறார். நடு ராத்திரி ஒன்று விரிசல் விட்டால் கதை நின்றுவிடக் கூடாது. குடத்தின் வாயில் அடிக்கிற பத்தியையும் அவரே செய்துகொள்கிறார். செங்கோட்டைப் பக்கமிருந்து கமுகம்பாளை வாங்கிவந்து, அளவாக வெட்டி, அடுக்கித் தைத்த தட்டை. ஒரு கையில் பத்தி. மறுகையில் ஒரு பழைய காசு. பத்தி வாயில் விழும்போது அடிவயிற்றிலிருந்து வருகிற 'பும்' என்ற ஒலி. காசு பக்கத்தில் படும்போது சுருக்கென்று ஒரு கிணுக்கு. தாளக் கணக்கை விரல் மடக்கி விளக்கினார். எனக்குப் பிடிபடாததால் அதை இங்கே எழுதவில்லை.

பகலில் அவர் விசைத்தறித் தொழிலாளி. சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. பன்னிரண்டு வயதில் தறிக்குப் போனவர், பதினாறில் மாமா ஒருவரோடு வில்லுக்குப் போனார். பங்குனியிலிருந்து ஆவணி வரை கொடை, மற்ற மாதங்களில் தறி. நாற்பது வருடத் தறிச் சத்தத்தில் வலது காது போய்விட்டது. இடது காதிலும் பாதிதான். "எப்படி அடிக்கீங்க?" என்று கேட்டேன். பாடகியின் மணிக்கட்டைப் பார்த்து அடிக்கிறாராம். வீசுகோல் ஓங்கும்போதே அது எந்த இடத்தில் விழும் என்று தெரிந்துவிடும். மிச்சத்தைக் குடமே சொல்லும் என்று என் உள்ளங்கையை எடுத்துக் குடத்தின் மேல் வைத்து, பத்தியால் ஒரு அடி அடித்தார். முழங்கை வரைக்கும் ஏறியது.

காப்பு விருத்தம், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் எல்லாம் முறையாக முடிந்து கதைக்குள் நுழைந்தபோது மணி எட்டரை. அன்றைக்கு முத்துப்பட்டன் கதை. பிராமணனாகப் பிறந்தவன், சக்கிலியப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காமேல் ஆசைப்பட்டு, அவர்கள் அப்பன் வாலப்பகடை போட்ட நிபந்தனைப்படி பூணூலை அறுத்துச் செருப்புத் தைத்து அவர்களைக் கட்டிக்கொள்கிறான். மாடுகளைக் காக்கப் போய்ச் செத்துப் பட்டவராயன் என்ற சாமியாக நிற்கிறான். காரையாறு சொரிமுத்தய்யனார் கோயிலில் இன்றும் அவனுக்குச் செருப்புதான் காணிக்கை. பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதையைத் தேடித் தொகுத்தார். 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் புத்தகமாக வெளியிட்டது. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள்தான், காட்டில் கிடந்து எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட வடிவமும் உண்டு. பிறப்பை மாற்றிவிட்டால் அந்தக் கல்யாணத்தில் யாருக்கும் உறுத்தல் இருக்காது. எதைப் பாடுவீர்கள் என்று பாடகியிடம் முன்பே கேட்டிருந்தேன். "பகடை மக பகடை மகதான்ணே. மாத்திப் பாடச் சொல்லிக் கேட்ட ஊர் உண்டு. எங்க அப்பா மாத்தல, நானும் மாத்தல" என்றார். சாதி இத்தனை இறுகிக் கிடக்கும் வட்டாரத்தில், சாமி முன்னால், எல்லாச் சனமும் கேட்க, வருடா வருடம் இந்தக் கதை இப்படியே பாடப்படுகிறது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்து மணிக்கு ஒலிபெருக்கிக் குழாய் நின்றது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. கமிட்டிக்காரர்கள் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். மைக்செட்காரர் சுவிட்சை அணைத்தார். வீடியோ எடுத்துக்கொண்டிருந்த இளைஞரும் காமிராவை மடக்கிப் பையில் போட்டார். மைக் இல்லாமல் அவருக்குச் சத்தம் பதியாது. எனக்குக் கதை அவ்வளவுதானோ என்று பட்டது.

சனம் அசையவில்லை. அசைந்தது முன்னோக்கி. பெண்கள் பாயை இழுத்துக்கொண்டு வில்லுக்கு நாலடி தூரத்துக்கு வந்தார்கள். பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டார்கள். பாடகி சுருதியைச் சற்றே இறக்கினார். அதுவரை குழாயில் மணிச்சத்தமும் உடுக்கையும்தான் தூக்கலாகக் கேட்டன. இப்போது குடம் கேட்டது. தரையோடு வந்து உட்கார்ந்திருப்பவர் எலும்பில் ஏறுகிற ஒலி. பட்டன் சாகிற இடத்தில் பாடகி ஒரு அடியைப் பாடி நிறுத்துவார். பக்கப்பாட்டு வாங்கும். அந்த இடைவெளியில் குடம் மட்டும் ஒற்றை அடி. மூன்றாவது தடவை அந்த ஒற்றை அடி விழுந்தபோது சாமியாடும் கோமரத்தாடி எழுந்துவிட்டார். சாமி கதையின் எந்த வரியில் வரும் என்று ஊருக்குத் தெரியும். அந்த வரியைச் சுருக்கினால் சாமி வராது. பொம்மக்காவும் திம்மக்காவும் சிங்கம்பட்டி ராசாவிடம் உடன்கட்டைக்கு அனுமதி கேட்டு நிற்கும் இடத்தில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அந்த வருடம் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி சத்தமாகவே அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டார்கள். சாவு வீட்டில் அடக்கியதை அங்கேதான் இறக்கினாள் என்று பக்கத்திலிருந்த பாட்டி என்னிடம் சொன்னார். இரண்டு மணி நேரத்தில் முடித்துக்கொடுக்கும் வில்லில் இதற்கு எங்கே இடம்?

வாழி பாடி முடித்தபோது விடியப் போகிற நேரம். கணக்கு பேசும் இடத்துக்கு நண்பர் என்னைக் கூட்டிப்போனார். கமிட்டி பணத்தை எண்ணிக் கொடுத்தது பாடகியிடம் இல்லை. பைக்கில் வந்து நின்ற ஏஜெண்டிடம். அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு, பழைய கடனுக்கு ஒரு பங்கு பிடித்துக்கொண்டு, மீதியைக் கொடுத்தார். வண்டி வாடகையும் அதில்தான். குடக்காரர் கைக்கு வந்ததைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், எண்ணவில்லை.

கடன் வந்த கதை எல்லாச் செட்டுக்கும் ஒன்றுதான். 2020 மார்ச் 24 அன்று கொரோனா ஊரடங்கு அறிவித்தார்கள். பங்குனிக் கொடைகள் தொடங்கும் நேரம். அந்த வருடமும் போனது, அடுத்த வருடச் சித்திரையும் போனது. தறியும் நின்றது. முன்பணம் கொடுத்தவர் ஏஜெண்ட் ஒருவர்தான். வாங்கிய நாளிலிருந்து அவர் சொல்கிற ஊருக்கு, அவர் பேசிய தொகைக்குப் போக வேண்டும். நேரடியாக வந்து கேட்கும் ஊருக்குப் போக முடியாது. வேலை பிடித்துக் கொடுக்கிறவனுக்குக் கூலி உண்டு, அதை மறுக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தொண்டை கிழியப் பாடினவளுக்கும், காது போன பிறகும் உள்ளங்கையால் தாளம் பிடித்தவருக்கும் எவ்வளவு என்பதைப் பேசி முடிக்கிறவன், பந்தலுக்குள் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. வீடியோக்காரர் இன்னொரு வகை. முன்பு கேசட் போட்டு விற்றவர்கள் ஒருமுறை ஏதோ கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். இப்போது யூடியூபில் ஏற்றுகிறார்கள். லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார் அந்த இளைஞர். செட்டுக்கு என்ன வரும் என்று கேட்டேன். விளம்பரம் என்றார். அவர் போனிலேயே அந்த வீடியோவைப் பார்த்தேன். சட்டத்துக்குள் பாடகி இருக்கிறார், வில்லின் நடுப்பகுதி இருக்கிறது. குடக்காரரின் கை மட்டும் ஓரத்தில் வந்து வந்து போகிறது.

வரியைக் கொடுப்பது ஊர், பாடுவது செட்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை. கமிட்டிகள் செட்டுகளோடு நேராகப் பேசி, முன்பணத்தை நேராகக் கொடுக்க என்ன தடை? சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள செட்டுகள் ஒன்றுகூடி ஒரு குறைந்தபட்சத் தொகையைச் சொல்ல என்ன தடை? கடன்தான் தடை. அதைத் தீர்க்க நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியமும் கூட்டுறவு வங்கியும் மனது வைத்தால் போதும். நலிந்த கலைஞர்களுக்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. அதற்குக் குடக்காரர் விண்ணப்பிக்கப் போனபோது, கலைஞர் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். நாற்பது வருட நோட்டீஸ்களைத் தேடியெடுத்துக் கட்டிக்கொண்டு போனார். எதிலும் அவர் பெயர் இல்லை. எல்லாவற்றிலும் 'குழுவினர்'தான்.

கிளம்பும்முன் நண்பரும் நானும் ஐந்து பேரின் பெயரையும், யார் என்ன வாசிக்கிறார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கோயில் தர்மகர்த்தாவிடம் கொடுத்தோம். அடுத்த கொடை நோட்டீஸில் ஐந்தும் வர வேண்டும் என்று கேட்டோம். "நன்கொடை கொடுத்தவக பேரப் போடவே நாலு பக்கம் பத்தல" என்று யோசித்தார். குடக்காரர் எதுவும் பேசவில்லை, சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். பாடகிதான் முன்னால் வந்தார். "அண்ணாச்சி, என் பேரச் சின்ன எழுத்துல போடுங்க. அந்த எடத்துல மாமா பேரு வரட்டும்." தர்மகர்த்தா தாளை மடித்து வரி நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.