வண்டி குடித்த உப்புத்தண்ணீர்

மே மாத மத்தியானத்தில் காருக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தவர்கள் நாங்கள் இருவராகத்தான் இருப்போம். சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, மரக்காணம் உப்பளங்களைத் தாண்டியதும் எங்கள் பழைய மாருதி 800-இல் சூட்டைக் காட்டும் முள் சிவப்புப் பக்கம் ஏறிவிட்டது. ஓரங்கட்டி நன்றாக ஆறவிட்டு, துணியைப் போட்டு மூடியைத் திறந்து, குடிக்க வைத்திருந்த இரண்டு பாட்டில் தண்ணீரையும் ரேடியேட்டரில் ஊற்றினேன். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அதை முழுதாகத் திருப்பினால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் காருக்குள் இறங்கும், இன்ஜின் பிழைத்துக்கொள்ளும் என்று எங்கோ கேட்டிருந்தேன். பிழைத்தது. பட்டுப்புடவையில் வெந்துகொண்டிருந்த மனைவி புதுச்சேரியின் முத்தியால்பேட்டை வரும்வரை என்னோடு பேசவில்லை.

மறுநாள் பானெட்டைத் திறந்து பார்த்தால், அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் விளிம்பில் ஒழுகல். மெக்கானிக் ஷெட்டில் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் முப்பது வருஷம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். “நாலு போல்ட்டு, ரெண்டு ஓஸ் பைப்பு. இதுக்குப் போயி ஷெட்டுல வுடுவாங்களா தம்பி?” என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பிப் புது ரேடியேட்டர் வாங்கி வந்துவிட்டேன். அதுவரை நான் பானெட்டைத் திறந்தது தண்ணீர் ஊற்ற மட்டுமே.

சனிக்கிழமை காலை. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, வண்டிக்கு அடியில் துணி ஊறவைக்கும் அகலப் பேசினைத் தள்ளி, கீழ் ஓசை உருவினேன். வந்தது டீ நிறத்தில் ஒரு கலங்கல். மேல் ஓஸ் வருஷக்கணக்கில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. அதற்கும் புதுசு வாங்கியிருந்ததால் பிளேடு வைத்துக் கீறி எடுத்தேன். பெரியவர் சொன்ன நாலு போல்ட்டில் மூன்று வந்தன. நாலாவதைக் கடற்காற்று தின்றிருந்தது. ஸ்பேனரைப் போட்டு அழுத்த, போல்ட் சுழலவில்லை, அதன் முனைகள்தான் மழுங்கின. மண்ணெண்ணெய் நனைத்த துணியை அதன்மேல் சுற்றிவைத்துவிட்டுப் படுக்கப் போனேன். ஞாயிறு காலை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், பழைய சட்டைகளுக்கும் செல்போன் கவர்களுக்கும் நடுவே ஒரு சாக்குவிரிப்பில் பத்தாம் நம்பர் ரிங் ஸ்பேனர் கிடைத்தது. வந்து மாட்டி மெதுவாக அசைத்தேன். ‘டக்’ என்று விட்டுக்கொடுத்தது. அந்தச் சத்தத்துக்கு இணையான சங்கீதத்தைச் சமீபத்தில் நான் கேட்டதில்லை.

கழற்றிய ரேடியேட்டரைத் திண்ணையில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். மெல்லிய குழாய்களின் வாயெல்லாம் சுண்ணாம்பு அப்பியதுபோல் வெள்ளைப் படிவு. பாதிக் குழாய்கள் அடைத்துக் கிடந்தன.

“என்ன தண்ணி ஊத்துன?” என்றார் பெரியவர்.

“மோட்டார் தண்ணிதான் சார்.”

“அந்தத் தண்ணியில உங்க வீட்டுல பருப்பு வேக வெப்பாங்களா?”

வைக்க மாட்டார்கள். எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கடலோர ஊரில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச உப்பு உள்ளே வரத்தான் செய்யும். வீட்டு கீசர் காயிலில் பொருக்குத் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதே தண்ணீரைத்தான் ஆண்டுக்கணக்கில் வண்டிக்கு ஊற்றியிருக்கிறேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், நல்ல தண்ணீரின் அருமை தெரிந்த ஊர் இது. பாரதி பூங்கா நடுவில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபமே அதற்குச் சாட்சி. முத்தரையர்பாளையத்தில் தன் மாளிகையை இடித்துவிட்டு அந்த இடத்தில் குளம் வெட்டினாள் ஆயி என்ற தாசி என்பது கதை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அங்கிருந்து நகருக்குள் குடிநீர் வந்தபோது, அவள் நினைவாக பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பிய மண்டபம் அது. புதுச்சேரி அரசின் சின்னமும் அதுதான். அந்த ஊர்க்காரன் நான், போர் தண்ணீரை வண்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தேன்.

புது ரேடியேட்டரின் மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ‘0.9’ என்று அழுத்தத்தின் அளவு போட்டிருந்தது. குக்கர் வெயிட் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. ஸ்பிரிங் அந்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால், 100 டிகிரியில் கொதிக்கவேண்டிய தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரிவரை கொதிக்காமல் இருக்கிறது. சூடாக இருக்கும்போது திறந்தால் அத்தனையும் முகத்தில் பீய்ச்சும். இந்தச் சின்ன மூடியை வைத்தே நம் பக்கத்துக்காரர்கள் பெயர் வாங்கியிருக்கிறார்கள். சென்னை சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடிகளை அனுப்பி, சிறந்த சப்ளையர் விருதைத் தொடர்ந்து வாங்கியது.

மாட்டுவது கழற்றுவதைவிடச் சுலபமாக இருந்தது. விரல் பட்டாலே மடங்கும் இழைகள் என்பதால் கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் இறக்கினேன். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் பச்சை கூலண்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். காற்றுக்குமிழி வெளியேற மூடியைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிடவேண்டும், ஹீட்டரையும் போடவேண்டும். மனைவி வாசலிலிருந்து பார்த்து, “மறுபடியுமா?” என்றாள். குளுக் குளுக்கென்று குமிழிகள் வந்து அடங்கின. கொஞ்ச நேரத்தில் விசிறி தானாக விர்ரென்று சுழன்றது.

சந்தோஷம் ஐந்து நிமிஷம்தான். கீழே பச்சையாக ஒரு திட்டு. கீழ் ஓசின் கிளாம்ப்பைக் குழாய் மேட்டுக்கு இப்பால், விளிம்பிலேயே முறுக்கியிருந்தேன். இன்ஜினை நிறுத்தி ஆறவிடுவதற்குள் தெருப்பூனை ஒன்று வந்து திட்டை முகர்ந்தது. பெரியவர் செருப்பைத் தூக்கி எறிந்து விரட்டினார். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். பூனையையோ நாயையோ கொல்ல அது கொஞ்சம் போதும். மணலைப் போட்டு ஒற்றி அள்ளி, பையில் கட்டி வைத்தபிறகுதான் கிளாம்ப்பைச் சரிசெய்தேன். சாக்கடையிலும் அதை ஊற்றக்கூடாது.

ஒரு நாளில் முடியும் வேலைக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். முடிந்ததும் அதே சாலையில் மரக்காணம்வரை போய்வந்தோம். முள் நடுவில் நின்றது. நீங்கள் கடலோர ஊரில் வண்டி வைத்திருந்தால், இன்ஜின் ஆறியிருக்கும் ஒரு காலையில் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். பருப்பு வேகாத தண்ணீர் ரேடியேட்டருக்கும் ஆகாது.